மணல்மேட்டு மார்கரெட்

மேல்காற்று அடித்து ஓய்ந்த காலைகளில் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள கிங் தீவின் மேற்குக் கரைக்காரர்கள் யாரும் வீடு தங்குவதில்லை. கடல் அடியோடு பிடுங்கி எறிந்த பாசி கரை நெடுகக் குவிந்து கிடக்கும். பாசி என்றதும் குளத்துப் பாசியை நினைத்துவிடக் கூடாது. மாட்டுத் தோலை வார் வாராகக் கிழித்துப் போட்ட மாதிரி தடித்து வழுவழுவென்று கிடக்கும். ஒரு கொத்து ஓர் ஆளின் கனம் கனக்கும். அடிக்கட்டையில் கயிற்றைச் சுருக்கிட்டு, வண்டியில் பூட்டிய வின்ச் என்கிற இழுவை உருளையால் இழுத்து ஏற்ற வேண்டும். பிறகு மரப் பந்தல்களில் தொங்கவிட்டால் காற்றே உலர்த்திக் கறுப்பாக்கிச் சுருட்டிக் கொடுத்துவிடும். காய்ந்ததை ஆலைக்கு ஏற்றிப் போகும் லாரி அப்போது என்னுடையது. டாக்கரி வீட்டு அடுப்படி எனக்குப் பழகியது அப்படித்தான்.

கிளாரி டாக்கரியும் அவன் மனைவி மேவிஸும் இருந்த இடம் கடைசி வீடு. அதற்கு அப்பால் மணல்மேடும் கடலும்தான். கிளாரி அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து மேவிஸ் பேசுவாள். ஐம்பது வயதைத் தாண்டியும் பாசிக் கட்டையைத் தோளில் போட்டு இழுக்கிற உடம்பு. ரப்பர் பூட்ஸும் புருஷனின் பழைய கம்பளிச் சட்டையுமாகத்தான் எந்நேரமும் இருப்பாள். இத்தனை வேலைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு பித்து உண்டு. பழைய பாய்மரக் கப்பல்களின் மரச் சிற்பங்களைச் சேர்ப்பாள்.

எங்கள் கரையில் உடைந்த கப்பல்கள் அநேகம். முதலில் குடியேறியவர்கள் கரை ஒதுங்கிய மரத்தை வைத்தே வீடும் தொழுவமும் கட்டிக்கொண்டார்கள். அதனால் பழைய பண்ணைகளில் கப்பலின் துண்டு எங்கேயாவது அகப்படும். ஹன்னாஃபோர்ட் பண்ணையில் அணியச் சிலை ஒன்று, அதாவது கப்பலின் மூக்கில் நிறுத்துகிற மரச்சிலை, தாடிக்காரக் கடல் தெய்வம், கன்றுக்குட்டிக் கொட்டிலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது. இன்னொரு வீட்டில் திராட்சைக் கொடி செதுக்கிய பலகை கோழிக்கூண்டின் கதவாக இருந்தது. மேவிஸ் எடுத்த எடுப்பில் கேட்கமாட்டாள். போய் உட்கார்ந்து டீ குடிப்பாள், மாட்டுக்கு வயிறு உப்பின கதையெல்லாம் கேட்பாள். எழுந்திருக்கும்போதுதான், "அந்தக் கிழவனுக்கு முதுகு வளைஞ்சுபோச்சுப்பா. நல்ல டீ-ட்ரீ மரத்துக் கம்பமா ஒண்ணு நட்டுத் தர்றேன், அவனை எங்கிட்ட அனுப்பிடு" என்பாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெண்ணெய்க் கத்தியால் சுரண்டிச் சாணியையும் சுண்ணாம்பையும் எடுப்பாள். புதுச் சாயம் பூசமாட்டாள். ஆளிவிதை எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, தரையின் ஈரம் படாமல் பலகை மேல் நிறுத்தி, கொட்டகையின் ஜன்னலுக்கெல்லாம் சாக்குத் திரை தொங்கவிட்டிருந்தாள். சிலைகள் மேல் வெயிலும் மழையும் பட்டால் அவளுக்குத் தன் மேனியில் பட்டதுபோலிருக்கும். ஊரில் அந்தக் கொட்டகையை "மேவிஸின் சத்திரம்" என்று கேலி செய்வார்கள். ராஜாக்கள், மாலுமிகள், வால் உடைந்த மீன்கள், ஒரு துருக்கியன் என்று எல்லாரும் அந்த அரையிருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்களில் தலைமையானவள் மார்கரெட்.

அவளை யாரிடமிருந்தும் வாங்கவில்லை. ஒரு குளிர்காலப் புயல் வீட்டுக்குப் பின்னாலிருந்த மணல்மேட்டின் ஒரு பக்கத்தை அரித்துக்கொண்டு போனபோது மணலுக்குள்ளிருந்து ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கிளாரியும் மேவிஸும் கையாலேயே தோண்டினார்கள். நீல அங்கி உடுத்த இளம்பெண். ஒரு கை முழங்கையோடு போயிருந்தது. மற்றக் கை மார்பில் ஒரு வாற்கோதுமைக் கற்றையை அணைத்திருந்தது. அவளுக்குப் பக்கத்திலேயே மனித எலும்புகளும் வெளிவந்தன. பெரியதும் சிறியதுமாக இருந்தன. மார்கரெட் லோர்ன் என்கிற கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்ததும், குடியேற வந்த ஏழைக் குடும்பங்கள் கூட்டமாகச் செத்ததும், கரை ஒதுங்கியவர்களை அந்நாளில் இங்கே இருந்த சீல் என்னும் கடல்நாய் வேட்டைக்காரர்கள் ஒரே குழியில் போட்டு மூடியதும் தீவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எந்த இடம் என்பதுதான் தெரியாமலிருந்தது. டாக்கரிகள் எலும்புகளை மூடினார்கள். மேடு சரியாதபடி புல் நட்டார்கள். காற்று மணலைத் தள்ளி மறுபடி எதையாவது காட்டும்போதெல்லாம் கிளாரி மண்வெட்டியோடு போய் மூடிவிட்டு வருவான்.

எண்பத்திரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். வின்ச் கயிறு அறுந்து கிளாரியின் வலது கையை அடித்துவிட்டது. தோளிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. மேவிஸ் ஒருத்தியாகப் பாசி இழுத்துக்கொண்டிருந்த அந்த மாதத்தில்தான் அலஸ்டேர் லோர்ன் வந்தார்.

லோர்ன் கம்பெனியின் கப்பல்தான் எங்கள் தீவுக்கு வாராவாரம் வரும். மாவு, டீசல், ஆணி, ஆஸ்பத்திரி மருந்து எல்லாம் அதில்தான் வந்தன. எங்கள் மாடும் பாலாடைக்கட்டியும் பாசியும் அதில்தான் போயின. சிலையைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு, அந்தக் குடும்பத்தின் வாரிசு மழையில் நனைந்து, நகரத்துச் செருப்போடு, மேவிஸின் வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். கடற்பயணம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்திருந்தது.

"செருப்பைக் கழட்டாதீங்க" என்றாள் மேவிஸ். "எங்க தரை உங்க செருப்பைவிட அழுக்கு."

டீயும் ஸ்கோன் பன்னும் கொடுத்த பிறகு கொட்டகையைத் திறந்து காட்டினாள். பாசி ஏற்ற வந்த நானும் கிளாரியும் கூடவே போனோம். அவர் மற்றச் சிலைகளையும் பார்க்காமல் விடவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்துக்கொண்டே வந்தவர், மார்கரெட்டிடம் வந்ததும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் புறங்கையால் அந்த மரக் கன்னத்தைத் தொட்டார்.

மேவிஸுக்கு அது பிடித்துப்போயிற்று. "தொடத் தெரியுது உங்களுக்கு. வர்றவன் எல்லாம் தட்டித் தட்டிப் பாப்பான், பூசணிக்காய் வாங்குற மாதிரி."

"இவங்க எங்க கொள்ளுத் தாத்தாவோட தங்கச்சி" என்றார் அவர். "அவங்க முகத்தைப் பாத்துச் செதுக்கினது. எங்க ஆபீஸ் கூடத்துல பழைய கப்பல் சிலைங்க எல்லாம் வரிசையா நிக்குது. ஒரு இடம் மட்டும் காலி. சின்னப் பிள்ளையிலேருந்து அந்தக் காலி இடத்தைப் பாத்துத்தான் வளர்ந்தேன்."

"கேட்டியா கிளாரி? இத்தனை வருஷமா நம்ம வீட்டுல ஒரு முதலாளி வீட்டுப் பொண்ணு இருந்திருக்கா. நான் அவ முன்னாடி கிழிஞ்ச சட்டையோட சுத்திருக்கேன்!"

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, கப்பல் உடைஞ்சாலும் அதோட பாகங்க சொந்தக்காரங்களுக்குத்தான் சேரும்னு வக்கீல் சொல்றாரு. நான் அப்படிப் பேச வரல. உங்களுக்கு என்ன செய்யணுமோ செய்யறோம். இந்தத் தீவும் எங்க கம்பெனியும் ரொம்ப நாளா ஒத்துமையா இருக்கு. கப்பல் ஒழுங்கா வந்து போயிட்டிருக்கு. அது அப்படியே இருக்கட்டும்னுதான் எல்லாருக்கும் ஆசை."

கொட்டகையில் சிரிப்பு நின்றுபோனது. கிளாரி தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான்.

"வாங்க" என்றாள் மேவிஸ். "அவ கூட வந்தவங்களையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

மழையிலேயே அவரை மணல்மேட்டுக்கு அழைத்துப்போனாள். "இதுக்கு அடியில இருக்காங்க. பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாம். எத்தனை பேருன்னு யாருக்கும் தெரியாது. ஒரு கல்லு கிடையாது. உங்க கம்பெனி ஆள் ஒருத்தன்கூட இன்னிக்கு வரைக்கும் வந்து பாத்ததில்ல. நீங்கதான் முதல் ஆளு."

அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "எங்க பதிவுப்படி எல்லாரும் கடலோட போயிட்டாங்கம்மா. இங்க கல்லறைன்னு எதுவும் இல்ல."

"கண்ணால பாத்திருக்கேங்க."

"கரையில எலும்பு எதுவேணா கிடக்கும். சீல் எலும்பா இருக்கும்."

மேவிஸ் அவரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

செய்தி தீவின் துறைமுக ஊரான கர்ரிக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மளிகைக்கடை டொரீன் ப்ளைத், மேவிஸ் உள்ளே நுழைந்ததும் தராசை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"ஏண்டி, ஒரு மரப் பொம்மைக்காக ஊர் வயித்துல அடிக்கப் போறியா?"

"அவர் அடிப்பேன்னு சொன்னாரா?"

"சொல்லணுமா? அவங்க கப்பலை நிறுத்தினா என் அலமாரியில என்ன இருக்கும்? உன் துருக்கியனைக் கொண்டாந்து வெச்சு விக்கவா?"

"வெச்சுக்கயேன். உன் கடைக்கு வர்ற ஆம்பளைங்களைவிட லட்சணமா இருப்பான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டொரீன் சிரிக்கவில்லை. "விளையாடாத மேவ். என் மருமக பிள்ளைத்தாச்சி. மருந்து அந்தக் கப்பல்லதான் வருது."

மேவிஸ் உப்பையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று மதியம் நான் லாரியில் பாசி அடுக்கிக்கொண்டிருக்கும்போது புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தது. காற்று என் பக்கமாக வீசியதால் எல்லாம் கேட்டது. கேட்காத மாதிரி நான் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"குடுத்துடு மேவ்" என்றான் கிளாரி. "ஒரு சிலைதானே. மத்ததெல்லாம் இருக்கில்ல."

"உன் கைதானே உடைஞ்சுது? முதுகெலும்புமா உடைஞ்சுபோச்சு?"

சொன்ன மறுநிமிடமே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கிளாரி வாசற்படியில் உட்கார்ந்து இடது கையால் உருளைக்கிழங்குத் தோலைச் சீவ ஆரம்பித்தான். கிழங்கை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, பாதிக் கிழங்கு தோலோடு போக, சீவிக்கொண்டேயிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிராமல் பேசினான்.

"அந்தாளு அவளைக் கூடத்துல நிறுத்தப் போறாரு. நீ கொட்டகையில நிறுத்தி வெச்சிருக்க. திரை போட்டு, எண்ணெய் தடவி, பூட்டி. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியல. அந்த மேட்டுல கிடக்கிறவங்களுக்கு நீயும் ஒண்ணும் செய்யல, அவரும் ஒண்ணும் செய்யல. மண்ணைப் போட்டு மூடினது நான்தான். இப்ப என்னாலயும் முடியல."

மேவிஸ் சட்டென்று திரும்பிக் கடல் பக்கம் நடந்தாள். அன்றைக்கு அவள் இழுத்துப்போட்ட பாசியைத் தனியாளாக ஒருத்தி இழுத்தாள் என்று சொன்னால் ஆலையில் நம்பமாட்டார்கள்.

மறுவாரம் லோர்ன் திரும்ப வந்தார். கூடவே பெட்டி செய்யப் பலகையும் வைக்கோலும் கப்பலில் வந்திருந்தன. மேவிஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசியது கிளாரி.

"எடுத்துக்கங்க சார். நாங்க குறுக்க நிக்கல. எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க. மேட்டு மேல ஒரு கல்லு. பேரெல்லாம் வேணாம், பேரு யாருக்குத் தெரியும்? மார்கரெட் லோர்ன் கப்பல்ல வந்தவங்க இங்க இருக்காங்கன்னு ஒரு வரி. அவ்வளவுதான்."

இதைவிடக் குறைவாக யாரும் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. லோர்ன் கோப்பையைச் சாசரில் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

"முடியாதே, கிளாரி. எனக்கு மனசு இருக்கு. ஆனா கல்லு வெச்சா பொறுப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அந்தக் கப்பல்ல உயிர் தப்புற படகு பத்தலைன்னு அந்தக் காலத்துலயே ஒரு பேச்சு இருந்துச்சு. வீட்டுல பெரியவங்க சம்மதிக்கமாட்டாங்க."

"படகு பத்தலியா?" என்றான் கிளாரி.

"அது நிரூபணம் ஆகல."

கிளாரி எழுந்தான். மாவுக்கட்டுக் கை மேஜையில் இடித்தது. இடது கையால் கதவின் தாழ்ப்பாளைத் தடவித் திறந்து, மழைச்சாரல் உள்ளே அடிக்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போயிட்டு வாங்க சார். பலகையைக் கப்பல்லயே ஏத்திக்கங்க, இங்க ஈரத்துல வீணாப்போயிடும்."

லோர்ன் போன பிறகு கிளாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மேவிஸ் புருஷனின் தலையை ஒரு கையால் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "லாரி நாளைக்குக் காலியா?" என்றாள்.

"எதுக்கு?"

"அவளை வெளிய கொண்டுபோய் நிறுத்தப் போறேன். மேட்டு மேல. கல்லுதானே வைக்கமாட்டாங்க? அவளே நிக்கட்டும்."

கிளாரி நிமிர்ந்து பார்த்தான். "மழையிலயா மேவ்? இந்தக் காத்துலயா?"

"மழையிலதான்."

காலையில் நான் போனபோது அவள் கொட்டகைக்குள் இருந்தாள். மார்கரெட்டுக்கு எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தாள். காது மடல், அங்கியின் மடிப்பு, வாற்கோதுமைக் கற்றையின் ஒவ்வொரு தாள் என்று விடாமல் துடைத்தாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. நான் வெளியே வந்து லாரியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தேன்.

எப்படித் தெரிந்ததோ, ஆட்கள் வந்தார்கள். ஹன்னாஃபோர்ட் டிராக்டரோடு வந்தான். கடற்கரைக் கல்லைப் பெண்கள் வாளியில் சுமந்தார்கள். மேட்டின் நடுவில் மண்வெட்டி எதிலோ தட்டியதும் கிளாரி, "போதும்" என்று கையைத் தூக்கினான். அதற்குமேல் தோண்டவில்லை. அந்த ஆழத்திலேயே அகலமாகக் கல் பரப்பி, கம்பி கட்டி, மார்கரெட்டை முழங்கால் வரை கான்கிரீட்டில் இறக்கினோம். கிளாரி ஒற்றைக் கையால் கலவையைக் கிளறினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. கடலைப் பார்த்து நிறுத்துவதா, நிலத்தைப் பார்த்து நிறுத்துவதா என்று பேச்சு வந்தது.

"நிலத்தைப் பாக்கட்டும்" என்றாள் மேவிஸ். "இங்க வரணும்னுதானே கிளம்பினாங்க."

கடைசியில் டொரீன் வந்தாள், ஒரு பெரிய பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு. "உன் மேல இன்னும் கோவம்தான்டி. டீயைக் குடி."

அடுத்த வாரம் கப்பல் வரவில்லை. கடல் தட்டுப்போலக் கிடந்தது. வானிலை சரியில்லை என்று கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாவு தீர்ந்தது, ரொட்டி இல்லை. வாலபி என்கிற சின்னக் கங்காருவின் இறைச்சியும் உருளைக்கிழங்கும், அதுவும் அலுத்தால் சிங்கி இறாலும். மற்ற ஊரில் பணக்காரன் தின்கிற இறாலைப் பார்த்து எங்கள் பிள்ளைகள், "இன்னிக்கும் இதுவா?" என்று அழுதன. டொரீனின் மருமகளுக்கான மருந்து சின்ன விமானத்தில் வந்து சேர்ந்தது. ஹன்னாஃபோர்டின் மாடுகள் துறைமுகப் பட்டியில் நின்று கத்தின. முதலில் மேவிஸைத் திட்டியவர்கள் சிலர் உண்டு. அவள் காதுபடவே திட்டினார்கள். ஆனால் சலனமில்லாத அந்தக் கடலை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் இடம் மாறாது?

"நம்மளைப் பட்டினி போட்டுப் பழக்கலாம்னு பாக்குறானுங்க" என்று ஹன்னாஃபோர்ட் துறைமுகத்தில் நின்று கத்தினான். "நாயா நாம?"

கப்பல் கடைசியில் வந்தபோது மூட்டைகளோடு லோர்னும் இறங்கினார். பின்னால் இரண்டு வேலையாட்கள், கடப்பாரை, மண்வெட்டி, ரம்பம். கான்ஸ்டபிள் வில்மட் கூட நடந்தார். ஊரும் பின்னாலேயே போனது. மேட்டில் டாக்கரிகள் இருவரும் நின்றிருந்தார்கள். காற்று மேவிஸின் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

மார்கரெட்டைப் பார்த்ததும் லோர்ன் கோபத்தை மறந்து பதறினார். "என்னம்மா இது! வெயில்ல நிறுத்திருக்கீங்களே! வெடிச்சுப்போயிடுமே!"

"தெரியும்" என்றாள் மேவிஸ்.

வேலையாள் ஒருவன் ரம்பத்தை எடுத்துச் சிலையின் முழங்காலுக்கு அருகில் வைத்தான். லோர்ன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "அறுக்காத! முழுசா வேணும். சுத்தித் தோண்டு."

வில்மட் தொண்டையைக் கனைத்தார். எங்கள் வில்மட் மெதுவாகப் பேசுகிறவர். "சார், ஒரு சந்தேகம். இது கல்லறையா இருந்தா, கோர்ட்டு உத்தரவு இல்லாம தோண்ட விடமாட்டேன். வெறும் மணல்மேடுன்னா நீங்க தோண்டிக்கலாம். எதுன்னு சொல்லுங்க."

"கல்லறைன்னு பதிவு எதுவும் இல்ல" என்றார் லோர்ன்.

"அப்ப தோண்டட்டும்" என்றாள் மேவிஸ். வேலையாளின் மண்வெட்டியைப் பிடுங்கி லோர்னிடம் நீட்டினாள். "கூலிக்கு வந்த பிள்ளைங்க எதுக்கு? இது உங்க குடும்ப விஷயம். முதல் வெட்டு நீங்களே வெட்டுங்க."

"மேவ், வேணாம்" என்றான் கிளாரி தாழ்ந்த குரலில்.

"வெட்டட்டும் கிளாரி. சீல் எலும்புதானே இருக்கப் போகுது."

அவள் மேட்டைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னாள். லோர்ன் சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். பின்வாங்க வழியில்லாமல் போயிற்றோ, நிஜமாகவே அவர் வீட்டுப் பெரியவர்களின் பேச்சை நம்பினாரோ, மண்வெட்டியை வாங்கினார். கான்கிரீட் ஓரத்தில் ஓங்கி ஒரு வெட்டு. மணல் பொலபொலவென்று சரிந்தது. இரண்டாவது வெட்டில் ஏதோ கிணுங்கென்றது.

அவர் குனிந்தார். ஒரு சின்னச் செருப்பின் அடிப்பாகம், ஆணி தெரிந்தது. அதற்குள்ளே வெள்ளையாக, விரல்கள் சேர்ந்தாற்போல, ஒரு குழந்தையின் கால் எலும்பு.

வில்மட் தொப்பியைக் கழற்றினார். பின்னால் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். வேலையாட்களும் கழற்றினார்கள்.

லோர்ன் மண்டியிட்டார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மண்வெட்டியைத் தூரப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி அந்தக் காலை மூடினார். அவசரப்படாமல் மூடினார். பிறகு உள்ளங்கையால் மேலே தட்டித் தட்டிச் சமன்படுத்தினார். கிளாரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர்ந்துவிட்ட புல்லை இடது கையால் எடுத்து மறுபடி ஊன்றினான்.

"கல்லறைதான்" என்றார் லோர்ன்.

"என்ன சார்? காத்துல கேக்கல" என்றார் வில்மட்.

லோர்ன் எழுந்து நின்றார். முழங்கால் முழுக்க மணல். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இது கல்லறை. எங்க கப்பல்ல வந்தவங்களோட கல்லறை."

அவருடைய ஆட்கள் ரம்பத்தையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். அவர் கடைசியாக மார்கரெட்டின் கன்னத்தைப் புறங்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கினார். மேவிஸ் அவரை டீ சாப்பிடக் கூப்பிடவில்லை. ஆனால் வழியில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "விலகுங்க, அந்தாளு போகட்டும்" என்றாள்.

அதன்பிறகு கப்பல் தவறாமல் வந்தது. கம்பெனி கல் எதுவும் வைக்கவில்லை. அவர் வீட்டில் அவருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. கவுன்சில் அந்த மேட்டைச் சுற்றி வேலி போட்டது. கிளாரிக்குக் கை கூடியது, பழைய பலம் மட்டும் வரவில்லை. வின்ச்சை அவன் பார்த்துக்கொண்டான், சுருக்குப் போடுவதை அவள் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு குளிர்காலம் போன பிறகு ஒரு நாள் மூன்று பேருமாக மேட்டுக்குப் போனோம். மார்கரெட்டின் நீல அங்கி வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. நெற்றியிலிருந்து கன்னம் வரை ஒரு வெடிப்பு, விரல் நுழைகிற அகலம். கிளாரி அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மேவிஸின் முகத்தையும் பார்த்தான்.

"கான்கிரீட்டை உடைச்சு எடுத்துக் கொட்டகைக்கே கொண்டுபோயிடலாமா மேவ்? இப்ப யாரும் கேக்கமாட்டாங்க. மெழுகு வெச்சு அடைச்சா இன்னும் ரொம்ப நாளைக்கு நிப்பா."

மேவிஸ் வெகுநேரம் அந்த வெடிப்பையே பார்த்தாள். அவள் கைகள் தாமாகவே சட்டைப் பையில் எண்ணெய்த் துணியைத் தேடின. பிறகு கைகளை வெளியே எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம். உளுத்துப் போகட்டும்" என்றாள். "கீழ இருக்கிறவங்களுக்கு மட்டும் யார் எண்ணெய் தடவினாங்க? இவளும் அவங்களோடயே போகட்டும்."

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ராத்திரி அடிக்கிற காற்றுக்குக் காலையில் நல்ல பாசி ஒதுங்கும் என்று சொல்லிக்கொண்டே அவள் முன்னால் இறங்கினாள்.